சூராட் இல்லாத பிள்ளை

புது சிலிப்பரின் ரப்பர் வாசனை கையில் ஒட்டிக்கொண்டால் சோப்புப் போட்டுக் கழுவினாலும் லேசில் போகாது. அந்த வருடம் அம்மா எனக்கும் தம்பி குமாருக்கும் நீலப் பட்டை வைத்த சிலிப்பர் ஒரே மாதிரி வாங்கி வந்தாள். மண் பட்டு அழுக்காகிவிடும் என்று நாங்கள் படுக்கைப் பலகையின் மேல் ஏறி நின்று அதைப் போட்டுப் பார்த்தோம், பிறகு கையில் எடுத்து முகர்ந்து பார்த்தோம். கப்பலில் போட்டுக்கொள்வதற்காக வாங்கியது அது. கப்பலில் போகப்போவது அம்மாவும் குமாரும் மட்டும்தான் என்பது எனக்கு அப்போதே தெரியும். வித்தியாசம் காட்டக்கூடாது என்று எனக்கும் சேர்த்து வாங்கினாளா, கடைசி நேரத்தில் ஏதாவது மாறும் என்று நம்பி வாங்கினாளா என்று நான் கேட்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து மேலே ஏறும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் லயத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த வீடுகளைத்தான் லயம் என்போம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருந்தது பலகைச் சுவர், அதுவும் கூரைவரை எட்டாது. அம்மா செல்லம்மா கொழுந்து எடுத்தாள். அப்பா வீராசாமி தேயிலை ஆலையில் அடுப்புக்கு விறகு போட்டார். பக்கத்து வீட்டில் ருக்குமணி அத்தையும் மாணிக்கம் மாமாவும் அவர்கள் மகளும் இருந்தார்கள். மாமா காய்கறி லோரி ஓட்டினார். சொந்தம் ஒன்றும் கிடையாது, லயத்தில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறை வைத்துக் கூப்பிடுவதுபோல நான் அத்தை என்றும் மாமா என்றும் கூப்பிட்டேன்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இருந்தது சிவப்பு அடையாள அட்டை, எங்கள் பேச்சில் "செவப்பு ஐசி". சிறு வயதில் இந்தியாவிலிருந்து கூட்டி வரப்பட்டவர்கள் அவர்கள். இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக் குடிமக்கள் அல்லர் என்பது அந்த நிறத்தின் பொருள். அத்தைக்கும் மாமாவுக்கும் நீல அட்டை. முன்பெல்லாம் யார் கையில் என்ன நிறம் என்று தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை, கங்காணி பேர் கூப்பிட்டால் கூடையை மாட்டிக்கொண்டு ஏறிப் போவார்கள், அவ்வளவுதான். குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்ட பிறகுதான் எல்லாரும் மேல்பெட்டியில் கிடந்த அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

ரிங்லெட்டில் ஒரு காக்கா கடை இருந்தது. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய சாப்பாட்டுக் கடை அது. அப்படிப்பட்டவர்களைக் "காக்கா" என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை அங்கே கூட்டிப்போய் ரொட்டியும் பருப்புக் கறியும் வாங்கிக் கொடுப்பார். பெரியவர்கள் ஒரே விஷயத்தையே பேசிக்கொண்டிருப்பார்கள். காட்டை வெட்டிக் கல்லைப் புரட்டி இந்த மலையைத் தேயிலையாக்கினவனுக்கு என்ன பெர்மிட் என்று ஒருவர் கேட்பார். குடியுரிமைக்கு எழுதிக்கொடுங்கள் என்று சுதந்திரம் வந்த காலத்திலிருந்து சொன்னார்களே, ஊருக்குத்தானே போகப்போகிறோம் என்று எழுதாமல் இருந்தது யார் என்று மாமா திருப்பிக் கேட்பார். இந்த நாட்டுப் பிள்ளைகளே வேலையில்லாமல் நிற்கும்போது முதலில் அவர்களுக்குத்தானே கொடுப்பார்கள், நாமாக இருந்தாலும் அப்படித்தானே செய்வோம் என்பார் தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கும் காக்கா. அவரிடமும் சிவப்பு அட்டைதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். எல்லாருடைய பேச்சும் எனக்குச் சரியாகவே பட்டது. அப்பா ரொட்டியைப் பிய்த்து என் தட்டில் வைப்பார்.

அப்பாவுக்கு ஒருமுறை பெர்மிட் கிடைத்தது. அடுத்த முறை புதுப்பிக்கவில்லை. ஆலையில் அவர் இடத்துக்கு நீல அட்டைக்காரர் ஒருவர் வந்தார், அவரும் தமிழர்தான். குடியுரிமைக்கு எழுதிப் போட்டும், மலாய் மொழியில் அதிகாரி கேட்ட கேள்விகளுக்கு அப்பா தட்டுத் தடுமாறிச் சொன்ன பதில் போதவில்லை என்று அதுவும் திரும்பி வந்தது. துறையூருக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன் இருந்தார். முதலில் தான் போய் ஒரு வழி பண்ணிவிட்டு எங்களைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அப்பா பினாங்கில் கப்பல் ஏறினார். அம்மாவின் பெர்மிட்டும் முடியும் காலம் வந்தபோது, அவளும் புறப்படுவது என்று ஆயிற்று.

என் கதை அங்கேதான் மாட்டிக்கொண்டது. குமார் பிறந்தது தானா ராத்தா ஆஸ்பத்திரியில். அங்கேயே எழுதி, பிறப்புப் பத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதைத்தான் நாங்கள் மலாயில் "சூராட்" என்போம். மற்ற கடுதாசிகளுக்கும் அந்தப் பெயர் உண்டு என்றாலும் வெறுமனே சூராட் என்றால் அது பிறப்புப் பத்திரம்தான். நான் பிறந்தது லயத்து வீட்டில், விடாமல் மழை பெய்து மண் சரிந்து பாதை அடைபட்டிருந்த வாரத்தில். பிரசவம் பார்த்தது மேல் லயத்து மருத்துவச்சி ஒருத்தி. தோட்டத்து எழுத்தரான கிராணி பதிந்துவிடுவார் என்று அப்பா இருந்துவிட்டார். அப்பா போய்ப் பதிந்திருப்பார் என்று ஆபீசில் கிராணி இருந்துவிட்டார். நான் நடக்க ஆரம்பித்த பிறகு யாரோ கேட்டபோதுதான் பதியவே இல்லை என்று தெரிந்ததாம். தாமதமாகப் போனால் கேள்வி கேட்பார்கள் என்று அப்பா பயந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் சூராட் கேட்காமலேயே என்னைச் சேர்த்துக்கொண்டார். அதனால் அப்போதும் பார்க்கவில்லை.

பாஸ்போர்ட்டுக்காக அம்மா எங்களை ஈப்போவுக்குக் கூட்டிப் போனாள். அங்கே இதையெல்லாம் எழுதிக்கொடுக்கும் ஏஜெண்டு ஒருவர், குமாரின் சூராட்டைப் பார்த்துவிட்டு அவனை அம்மாவின் பாஸ்போர்ட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்றார். என்னைப் பார்த்தார். இந்தப் பிள்ளைக்கு எங்கே என்றார். அம்மா இல்லை என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, இந்த நாட்டுல பொறந்துச்சுன்னு காட்டவும் ஒண்ணுமில்ல, ஒங்களுக்குத்தான் பொறந்துச்சுன்னு காட்டவும் ஒண்ணுமில்ல. எத வச்சி நான் எழுதுறது?"

"நான்தான் பெத்தேங்க."

"நீங்க சொல்றீங்க. கப்பல்காரன் ஒத்துக்கமாட்டானே."

பதிவு செய்ய ஒரு வருடம்கூட ஆகலாம், பெர்மிட் அதற்குள் முடிந்துவிடும், முடிந்த பிறகு தங்கினால் நாளைக்குத் தொந்தரவு, இப்போதைக்கு நீங்கள் போங்கள், பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டுப் போங்கள், பத்திரம் வந்ததும் தெரிந்தவர்கள் யாராவது கப்பல் ஏறும்போது கூட அனுப்பிவிடலாம் என்று அவர் வழி சொன்னார். நல்ல மனிதர்தான். வெளியே வந்ததும் அம்மா எங்களுக்கு ஐஸைச் சீவிப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தாள். குமார் என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டான்.

அத்தை வீட்டில் விடுவது என்று முடிவானதை யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லவில்லை. என் சட்டைகள் பெட்டிக்குள் போகவில்லை, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் போயின. அப்படித்தான் தெரிந்துகொண்டேன். புறப்பட்ட அன்று காலை அம்மா எனக்குத் தலை பின்னினாள், பிடிக்கவில்லை போல, அவிழ்த்து மறுபடி பின்னினாள். மாமாவின் லோரியில் தாப்பா ரோடு ரயிலடிவரை போவதாக ஏற்பாடு. நானும் வருகிறேன் என்றதற்கு, மலைப்பாதையில் வாந்தி எடுப்பாய், பள்ளிக்கூடம் போ என்றாள்.

"அத்த சொல்றதக் கேட்டு நடந்துக்க. ஸ்கூல் லீவு விடறதுக்குள்ள சூராட் வந்துரும். பசியாறிட்டுப் போ."

பசியாறிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். புது சிலிப்பரைத்தான் போட்டுக்கொண்டு போனேன். அன்று கணக்குப் பாடத்தில் எல்லாம் சரியாகச் செய்ததாக ஆசிரியை என் முதுகில் தட்டினார். அழவில்லை. எல்லாரும் நான் அழுவேன் என்று எதிர்பார்த்தது தெரிந்தது, அழுதால் அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது. வரவில்லை.

எங்கள் வீட்டைத் தோட்ட நிர்வாகம் உடனே வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது. தாப்பா பக்கமிருந்து வந்தவர்கள், எல்லாரும் நீல அட்டை. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் அத்தை வீட்டில் படுத்திருப்பேன். அந்தப் பக்கம் அவர்கள் சட்டி உருட்டுவதும், பிள்ளையை அதட்டுவதும், எங்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்கும். அந்தத் தாழ்ப்பாளை லேசாகத் தூக்கிப் போட வேண்டும், அவர்கள் அதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆயிற்று. அதுவரை இடித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

லீவுக்குள் சூராட் வரவில்லை. அத்தையும் மாமாவும் என்னைத் தானா ராத்தாவுக்குக் கூட்டிப்போனார்கள். அலுவலகத்தில் இருந்தவர் மலாய்க்காரர், அமைதியாகப் பேசினார். மாமா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, குனிந்து என்னைப் பார்த்து, "மாக் மானா?" என்றார். அம்மா எங்கே என்று கேட்கிறார். இந்தியாவில் என்றேன். அப்பா? இந்தியாவில். பிறந்தபோது யார் பார்த்தது? அந்த மருத்துவச்சியும் சிவப்பு அட்டை, எங்களுக்கு முன்பே அவளும் போய்விட்டிருந்தாள், எந்த ஊர் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. அத்தை முன்னால் போய், லயத்தில் எல்லாருக்கும் தெரியும் ஐயா, நான் தொட்டில் கட்டியிருக்கிறேன் என்று தமிழில் சொன்னாள். மாமா மொழிபெயர்த்தார். அதிகாரி தலையாட்டினார், பிறகு நீளமாக ஏதோ சொன்னார்.

"என்னாவாம்?" என்று அத்தை கேட்டாள்.

"அம்மாவக் கூட்டிட்டு வரச் சொல்றாரு" என்றார் மாமா.

அம்மாவைக் கூட்டிவர முடியாது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும், அந்த அதிகாரிக்கும், தெரிந்துதான் இருந்தது. போன சிவப்பு அட்டைக்காரர்கள் திரும்பி வருவது லேசில்லை. அப்படியே வரலாம் என்றாலும் கப்பல் காசுக்கு அம்மா எங்கே போவாள். வெளியே வந்து லோரியில் ஏறினோம். வழியெல்லாம் அத்தை என் கையைப் பிடித்திருந்தாள், கை வியர்த்தது, நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு மாமா பலமுறை அலைந்தார். ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ ஒன்று கேட்டார்கள். அம்மாவிடமிருந்து கடிதம் வரும், யாரையோ எழுதச் சொல்லி அனுப்புவது. குமார் பள்ளிக்கூடம் போகிறான், மழை இல்லை, நீ நன்றாகப் படி என்று இருக்கும். அத்தை அதை மாமாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்கு அது யாருக்கோ வந்த கடிதம் மாதிரி இருக்கும்.

ஆறாம் வகுப்பு முடிந்து மற்ற பிள்ளைகள் தானா ராத்தாவில் இடைநிலைப் பள்ளிக்குப் போனார்கள். அதற்கு முன்பே, பன்னிரண்டு வயதானதும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்பதால் வகுப்பில் எல்லாரையும் பவுடர் பூசி லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் விஷயம் பேசிக்கொண்டிருக்கிறேன் பார்வதி, இன்றைக்கு நீ நூலகப் புத்தகங்களை அடுக்கு என்றார். அடுக்கினேன். மாலையில் திரும்பி வந்தவர்கள் விரலில் ஒட்டியிருந்த மையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இடைநிலைப் பள்ளிக்கும் அவரே நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். முடியவில்லை என்று அத்தை வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு, கொடுத்த தேநீரைக் குடிக்காமல் போனார்.

நான் கொழுந்து எடுக்கப் போனேன். என் பேர் எந்தப் பேரேட்டிலும் கிடையாது, நான் எடுத்தது அத்தையின் எடையில் சேரும். வெளியிலிருந்து யாராவது அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் கங்காணி கீழேயிருந்து குரல் கொடுப்பார், "பாரு, மேல போயிரு." மேல் மலைக்குப் போய் ஒரு பாறையின் பின்னால் உட்கார்ந்திருப்பேன். பயம் ஒன்றும் இல்லை. மழைக்கு ஒதுங்குவதுபோல அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஈப்போ போய் வந்ததோடு சரி, மலையைவிட்டு நான் இறங்கியதில்லை. தாப்பா பாதையில் போலீஸ் நிறுத்தி அட்டை கேட்கும். அத்தை மகளின் கல்யாணம் சுங்கை சிப்புட்டில் நடந்தபோது எல்லாரும் போனார்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொண்டேன்.

எண்பதுகளில் லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்துக்கு மாறினேன். சீன முதலாளி ஒருவருடையது, அவரைத் தவுக்கே என்போம். கோசும் தக்காளியும் போட்டிருந்தார். மாமா அங்கிருந்துதான் சரக்கு ஏற்றுவார், அவர் சொல்லித்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சமயம் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை. எங்கள் பிள்ளைகள் படித்துவிட்டுக் கோலாலம்பூர் பக்கம் ஃபேக்டரி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அந்த இடத்துக்கு இந்தோனேசியாவிலிருந்து படகேறி ஆட்கள் வந்தார்கள். பலகையும் தகரமும் வைத்து அடித்த "கொங்சி" வீட்டில் நான் இருந்த அறையிலேயே சுமி என்ற ஜாவாக்காரப் பெண் வந்து சேர்ந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள். அவளிடமும் ஒரு கடுதாசியும் இல்லை. சோதனை வந்தால் நாங்கள் இருவரும் ஓடையைத் தாண்டி மூங்கில் புதருக்குள் போய் உட்காருவோம். ஒருநாள் அங்கே வைத்து அவள் கேட்டாள், நீ எந்த ஊர், எப்படி வந்தாய், எந்த ஏஜெண்டு என்று. நான் இங்கேதான் பிறந்தேன், அதோ அந்த மலைக்குப் பின்னால் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிடிபட்டால் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், என்னிடம் எதற்கு என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

கொஞ்ச காலத்தில் அரசாங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. தோட்டத்துக்கு ஆள் வேண்டும், வந்தவர்களைத் துரத்திக்கொண்டிருப்பதைவிடப் பதிந்துகொள்வது மேல் என்று சிலர் சொன்னார்கள். இப்படித் திறந்துவிட்டால் இன்னும் வருவார்கள் என்று சிலர் சொன்னார்கள். காக்கா கடையில் அந்தப் பேச்சும் நடந்தது. கடையில் இப்போது காக்காவின் மகன் இருந்தான். வந்தவனுக்குக் குடுக்கறான் நமக்குக் குடுக்கலியே என்று எங்கள் ஆட்கள் பேசினார்கள். கடைசியில் பதியலாம் என்று அறிவிப்பு வந்தது. தவுக்கே எங்கள் எல்லாரையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். மாமா என்னிடம், நீயும் போய் நில்லு பாரு, எதாவது ஒண்ணு கெடைச்சாப் போதும்லா என்றார். சுமிக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். அவளைப் படம் பிடித்தார்கள், கைரேகை வைத்தார்கள். என் முறை வந்தது. எந்த நாடு என்று அந்த இளம் அதிகாரி மலாயில் கேட்டார்.

"சினி" என்றேன். இங்கே.

அவர் எழுதாமல் நிமிர்ந்தார். எங்கே பிறந்தாய் என்று கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அவருக்கு அந்தத் தோட்டம் தெரிந்திருந்தது, அவருடைய உறவினர் யாரோ அங்கே பக்கத்தில் இருப்பதாகக்கூடச் சொன்னார். பிறகு, இது வெளிநாட்டுக்காரர்களுக்கு, உனக்கு இல்லை என்றார். எனக்கு எங்கே என்று கேட்டேன். தெரியவில்லை, தானா ராத்தாவில் கேட்டுப் பார் என்றார். பின்னால் நின்றவர் முன்னால் வந்துவிட்டார். நான் லோரிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். திரும்பும் வழியில் சுமி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் பொய் சொல்லவில்லை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு சோதனை வந்த நாட்களில் நான் மட்டும் புதருக்குப் போனேன். அவள் வேலையைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், என் கூடையையும் நகர்த்தித் தன் வரிசையில் வைத்துக்கொள்வாள்.

கடைசியில் எப்படிக் கிடைத்தது என்றால், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தானா ராத்தாவுக்குப் புது அதிகாரி ஒருவர் வந்தார், ஒரு பெண்மணி. அத்தை, மாமா, ஓய்வு பெற்றிருந்த தலைமையாசிரியர் மூன்று பேரும் போய் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்கள். முன்பும் அவர்கள் சத்தியம் செய்யத் தயாராகத்தான் இருந்தார்கள், அப்போது செல்லாதது இப்போது செல்லும் என்றார்கள். நெடுநாள் கழித்து ஒரு தாள் வந்தது, அதற்கும் பிறகு அட்டை வந்தது. சிவப்பு நிறம். அத்தை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒங்கம்மாளோடத மாதிரியே இருக்கு" என்றாள். அன்று அவள் பாயாசம் வைத்தாள். மாமா இரண்டு தம்ளர் குடித்தார். மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய நேரம் இது என்று எனக்குத் தெரிந்தது. அதனால் நானும் இரண்டு தம்ளர் குடித்தேன்.

மறு வருடம் பயணத்துக்கான தாளும் வாங்கி, விமானத்தில் சென்னைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து துறையூர் போனேன். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன, கடிதத்தில் தெரியும். குமார் மீசை வைத்துப் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். தன் கையிலிருந்த என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, அக்காவா என்று கேட்டான். வீட்டு வாசலில் அம்மா நின்றாள். மெலிந்திருந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். மலையில் இருந்தபோது கம்பளியும் துண்டுமாகவே பார்த்துப் பழகிய உடம்பு, இப்போது நூல் சேலையில் வேறு யாரோ மாதிரி இருந்தது. நான் என்ன மாதிரி இருந்தேனோ தெரியவில்லை. டெர்லின் சேலை, கையில் கடிகாரம், தோளில் பை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒதுங்கி வழிவிட்டாள்.

"வாங்க. உள்ள வாங்க" என்றாள்.

வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்து அப்படிச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். உள்ளே போன பிறகும் உட்காருங்க என்றாள். தண்ணி குடிங்க என்றாள். குமாரைக் கடைக்கு அனுப்பிக் கலர் வாங்கி வரச் சொன்னாள். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள், இந்த அரிசி உங்களுக்குப் பிடிக்குதோ என்னவோ என்றாள். அங்கே இருந்த நாட்கள் முழுக்க அப்படித்தான். வேண்டுமென்று செய்ததில்லை. நான் தூங்கிவிட்டதாக நினைத்து ஒரு மதியம் என் காலைப் பிடித்துப் பார்த்தாள், சுண்டுவிரல் நகத்தைத் தடவினாள். அப்போது மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவளை அம்மா என்று கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூப்பிடாமலேயே பேச வந்த விஷயத்தைப் பேசிப் பழகிக்கொண்டேன். அங்கே எப்படி இருந்தாய், யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அவள் கேட்கவில்லை. ருக்குமணிக்கு என்று ஒரு சேலை கொடுத்தாள், நல்ல பட்டு, எப்போதோ வாங்கி வைத்தது.

புறப்படும்போதாவது மாறும் என்று இருந்தேன். பஸ் கிளம்பியதும் ஜன்னலோடு கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தாள்.

"பாத்துப் போங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. தந்தி வந்தபோது திரிங்காப்பில் இருந்தேன். கல்யாணம் ஆகி, கணவரோடு கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பூப் போட ஆரம்பித்திருந்த நேரம். அன்று மாலை லோரி வந்துவிடும் என்பதால் பூவைக் கட்டி ஏற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இப்போது எனக்கு நீல அட்டை. அத்தையும் இல்லை, மாமாவும் இல்லை. லயம் இருந்த இடத்தில் தரையைச் சமன் செய்து, சுற்றுலா பஸ்கள் நிற்க இடம் ஆக்கியிருக்கிறார்கள். பலகை வீடு ஒன்றுகூட மிச்சமில்லை, வாசலுக்கு ஏறும் சிமெண்டுப் படிகள் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் இருந்தன, பிறகு அவையும் போயின. தேயிலையில் இப்போது வங்காளதேசத்துக்காரர்களும் நேப்பாளத்துக்காரர்களும் இருக்கிறார்கள், கூடை போய் எந்திரம் வந்துவிட்டது. பேர் கூப்பிடும் கங்காணி என்று யாரும் இல்லை. தானா ராத்தாவில் அந்தப் பழைய அலுவலகமும் இல்லை.

காக்கா கடை இருக்கிறது, பேரன் நடத்துகிறான், கண்ணாடி போட்டு விளக்கெல்லாம் மாட்டியிருக்கிறான். போன மாதம் உரம் வாங்கப் போனபோது அங்கே உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் எங்கள் ஆட்கள் நான்கைந்து பேர், எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள், இப்போது சொந்தமாகக் காய்கறி வியாபாரம் செய்கிறவர்கள். வெளிநாட்டு ஆட்களைப் பற்றித்தான் பேச்சு. கடையெல்லாம் அவனுங்க பிடிச்சிட்டானுங்க, பிள்ளையப் பெத்துப் போட்டுட்டுப் பள்ளிக்கூடம் வேற கேக்கறானுங்க, ஒட்டுமொத்தமாத் திருப்பி அனுப்பணும் என்றான் ஒருவன். அவனுடைய அப்பாவை எனக்குத் தெரியும், ஆலையில் என் அப்பாவோடு வேலை செய்தவர். அவனும் என்னைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டான்.

"நீங்க என்னா சொல்றீங்க அக்கா?"

"எங்கம்மாவ அனுப்பிட்டாங்க தம்பி" என்றேன்.

அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். கெட்ட பையன் இல்லை.

"அது வேறக்கா" என்றான்.

மேசையில் இருந்த மற்றவர்களும் ஆமாம், அது வேற என்றார்கள். ஒருவர் என் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உர மூட்டைகளை ஏற்றியாகிவிட்டது என்று கடைப் பையன் வந்து சொன்னான். எழுந்து எல்லாருக்கும் பொதுவாகத் தலையசைத்துவிட்டு லோரிக்குப் போனேன்.